ஆகஸ்ட் 9க்கும் 15க்கும் நடுவில்

சிங்கப்பூரில் ஜூலை பிறந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தேசியக் கொடி ஏறிவிடும். தொண்டூழியர்கள் மாடி மாடியாக வந்து தாழ்வாரச் சுவரில் ஒரே அளவு இடைவெளி விட்டு வரிசையாகக் கட்டிவிட்டுப் போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி புளோக்கே சீருடை போட்டுக்கொண்டு நிற்கும். வீடுகளில் அவரவர் விருப்பத்துக்குக் கட்டிக்கொள்ளவும் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் காலம். 2020ல் மட்டும் கிருமித்தொற்றால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஏப்ரல் கடைசியிலேயே கட்டலாம் என்று தளர்த்தினார்கள். எனக்கு இந்த மூன்று மாதக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷம் முழுக்கக் கொடியும் கையுமாகத் திரிகிற ஊர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான் வரும்.

எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு கொடி உண்டு, அதை நான்தான் கட்டுவேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிறையும் நட்சத்திரங்களும் பார்ப்பவருக்கு இடது பக்கம் மேலே வர வேண்டும். பார்ப்பவர் என்றால் கீழே கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறவர், தாழ்வாரத்தில் கயிறும் கையுமாக நிற்கிற நான் இல்லை. அதனால் எனக்குப் பிறை வலது பக்கம் தெரிய வேண்டும், கண்ணுக்கு அது தப்பாகவே படும், கை தானாக மாற்றிக் கட்டப் பார்க்கும். மகன் கீழே இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்து, "மா, சரியா இருக்கு, அந்தப் பக்கக் கயித்த மட்டும் கொஞ்சம் இழுங்க" என்று கத்துவான். நாலு மாடிக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார். பழசாகிக் கிழிந்த கொடியை அப்படியே குப்பையில் போடக் கூடாது, கறுப்புப் பையில் சுற்றிக் கட்டித்தான் போட வேண்டும். போன வருஷத்துக் கொடியை அப்படித்தான் அனுப்பி வைத்தேன்.

எனக்கு இந்தக் கொடி பிடிக்கும். இப்படிச் சொன்னதுமே இரண்டு வகை ஆட்கள் கிளம்பி வருவார்கள். ஒருத்தர், "என்ன, அரசாங்கத்துக்கு ஜால்ராவா" என்பார். இன்னொருத்தர், "அப்ப இந்தியா உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா" என்பார். முதல் ஆளுக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டாவது ஆளுக்குத்தான் இந்தப் பதிவு. அவரைவிடவும், அவருக்கு நேர் எதிர்ப்புறம் நின்றுகொண்டு "நாங்க சிங்கப்பூர்த் தமிழர், அந்த இந்தியாக்காரங்க வேற" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் என் சொந்தக்காரர்களுக்கும்.

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். சின்னப் பையனாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக இங்கே வந்து இறங்கியவர். அதற்கப்புறம் சாகும்வரை இந்தத் தீவை விட்டு வேறெங்கும் குடிபோகவில்லை. ஆனால் அவர் தலைக்கு மேல் பறந்த கொடிகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்து இறங்கியபோது யூனியன் ஜாக். 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் கொடி. அடுத்த வருஷம் ஜூலையில் பாடாங் திடலில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டபோது கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று பார்த்தது மூவண்ணக் கொடி. அக்டோபரில் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தையே இங்கிருந்துதான் அறிவித்தார்கள். 1945 செப்டம்பரில் ஜப்பான்காரன் அதே திடலுக்கு எதிரே நகர மண்டபத்தில் சரணடைந்தான், மறுபடியும் யூனியன் ஜாக். 1959 டிசம்பர் 3ஆம் தேதி அதே நகர மண்டபத்தில்தான் இப்போதுள்ள சிவப்பு வெள்ளைக் கொடியை முதன்முதலாகக் காட்டினார்கள். 1963ல் மலேசியாவோடு சேர்ந்தோம், அந்தக் கொடி. 1965 ஆகஸ்ட் 9, மலேசியாவிலிருந்து பிரிந்தோம், அதுவும் போனது. எல்லாவற்றையும் அந்த ஒரு மனுஷன், ஒரே ஊரில் இருந்துகொண்டு பார்த்தார்.

இதில் எதற்கு அவர் மனசார வணக்கம் வைத்தார், எதற்குப் பயந்து வைத்தார் என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. நேதாஜி கொடிக்கு மட்டும் கண் கலங்கியது என்பார். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் பிள்ளைகள் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி தூக்கியதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். மற்ற கொடிகளைப் பற்றிக் கேட்டால், "கொடி மேல இருந்துச்சு, நாங்க கீழ வேலை பாத்தோம்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

வேலை செம்பவாங் கடற்படைத் தளத்தில். குடியிருப்பும் அங்கேயே. வெள்ளைக்காரன் 1968ல் தளங்களை மூடிவிட்டுக் கிளம்புகிறேன் என்று சொன்னபோது ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர், மலையாளிகளும் தமிழர்களும். தாத்தாவுடைய கூட்டாளிகளில் பாதிப்பேர் போய்விட்டார்கள். பாட்டியும் போகலாம் என்றுதான் சொன்னாராம். தாத்தா மட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள், இங்கேயே இருப்போம் என்று நின்றுவிட்டார். ஆக எங்கள் குடும்பம் சிங்கப்பூர்க் குடும்பம் ஆனதற்குக் கொடி காரணமில்லை, தேசிய கீதம் காரணமில்லை, என் அப்பாவின் தொடக்கப்பள்ளி காரணம். செம்பவாங் தொழிலாளிகள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன் இப்போது ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலாக இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு இன்னமும் எங்கள் வீட்டிலிருந்து பால்குடம் போகும்.

சரி, என் வீட்டுக்கு வருவோம். என் கணவர் மன்னார்குடிக்காரர். வேலைக்காக இங்கே வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டார், நிரந்தரவாசி ஆனார், அதோடு நிற்கிறார். எனக்கும் மகனுக்கும் குடிமக்களுக்கான பிங்க் ஐசி, அதாவது அடையாள அட்டை, அவருக்கு நிரந்தரவாசிகளுக்கான நீல ஐசி. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை, சிங்கப்பூரும் கொடுப்பதில்லை. பிங்க் வேண்டுமானால் இந்தியக் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வேண்டுமானால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஊருக்குப் போக விசா வேண்டாம், ஆனால் ஓட்டு கிடையாது, புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. அவருக்கு அப்பா வழியில் வந்த நிலம் கொஞ்சம் இருக்கிறது. இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவருடைய தயக்கம் நிலத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர்த் தேசிய தினமான ஆகஸ்ட் 9 எங்கள் வீட்டில் நல்ல நாள். சாயங்காலம் தொலைக்காட்சியில் அணிவகுப்பு, விமானங்கள் வீட்டுக்கு மேலேயே இரைச்சலோடு பறந்து போகும், தேசிய உறுதிமொழி சொல்லும் நேரம் வந்தால் நானும் மகனும் எழுந்து நின்று வலது கையை மூடி நெஞ்சில் வைப்போம். அவரும் எழுந்து நிற்பார், கை மட்டும் பக்கவாட்டில் இருக்கும். ஆறு நாள் கழித்து 15ஆம் தேதி காலையில் அவர் கைப்பேசி ஓயாமல் சிணுங்கும். மன்னார்குடிப் பள்ளி நண்பர்கள், அத்தை பிள்ளைகள், எல்லாருடைய படமும் மூவண்ணத்துக்கு மாறியிருக்கும், அவரும் மாற்றிக்கொள்வார். அன்றைக்குத் தாழ்வாரத்தில் எங்கள் சிவப்பு வெள்ளை ஆடிக்கொண்டுதான் இருக்கும். இதுவரை இரண்டும் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

உறுதிமொழி என்றதும் ஞாபகம் வருகிறது. 1966ல் அதை எழுதிய அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், மலாயாவில் வளர்ந்தவர். அதற்கு இரண்டே வருஷம் முன்னால் 1964ல் இந்த ஊரில் இனக் கலவரம் நடந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வேற்று மண்ணில் பிறந்த ஒருத்தர் உட்கார்ந்து, இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றாக இருப்போம் என்று எழுதுகிறார், அதைத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் காலையில் வெயிலில் நின்று சொல்கிறார்கள். அவர் எந்த வருஷம் வந்தார், எந்தக் கப்பலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்த வரிகளைச் சம்பிரதாயத்துக்குச் சொல்கிறவள் இல்லை. சின்ன வயதில் சும்மா ஒப்பித்தேன், இப்போது ஒவ்வொரு வார்த்தையும் கனக்கிறது.

இப்போது என் சொந்தக்காரர்கள் விஷயம். எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு மாமா இருக்கிறார். ரொம்ப நல்ல மனுஷர், ஒரு கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்பவர். ஆனால் ரயிலில் யாராவது சத்தமாக ஃபோன் பேசினால், பக்கத்தில் இடித்துக்கொண்டு ஏறினால், உணவங்காடியில் வரிசை தாண்டினால், உடனே குழுவில் ஒரு பதிவு வந்துவிடும். "ஊர்லேருந்து வந்ததுங்க. இதுங்களால நமக்குத்தான் கெட்ட பேர்." கீழே எட்டுப் பத்து கட்டைவிரல் படங்கள். அதில் பாதி, தங்கள் பிள்ளைகளுக்கு மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருக்கிற கட்டைவிரல்கள்.

அவர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரில் டாக்ஸி ஓட்டுநர், "நீங்க இந்தியாவில எந்த இடம்" என்று கேட்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். வாடகைக்கு வீடு தேடினால் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்கிற உரிமையாளர்கள் உண்டு, ஃபோனில் நம் பெயரைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்பார்கள். என் தம்பிக்கு அது நடந்தது. என்எஸ் என்கிற கட்டாயத் தேசிய சேவை முடித்தவன், வருஷா வருஷம் போர்க்காலப் படைப் பயிற்சிக்கு வேறு போய் வருகிறவன். அவன் அந்த ஆளிடம் தான் உள்ளூர் என்று விளக்கம் சொல்லிப் பார்த்தானாம், உடனே குரல் இளகிவிட்டதாம், அப்படியா, வந்து பாருங்கள் என்று. அவன் போகவில்லை. நான் கேட்டதற்கு, "உள்ளூர்னு சொன்னதும் எனக்கே அசிங்கமா இருந்துச்சுக்கா" என்றான். இதைத்தான் நான் குழுவில் நீளமாகச் சொல்லப் பார்த்தேன், சொல்ல வரவில்லை, அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

ஏனென்றால் "நான் அந்த இந்தியர் இல்லை" என்று சொல்லித்தான் நான் இந்த ஊர்க்காரி என்று நிரூபிக்க வேண்டும் என்றால், அந்த நிரூபணத்தை ஏற்றுக்கொள்கிறவர் என்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்? 2021 மே மாதம், தொற்றுக் காலத்தில், சுவா சூ காங்கில் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்த ஓர் இந்திய மாதுவை முகக்கவசத்தைச் சாக்கு வைத்து இனத்தைச் சொல்லித் திட்டி நெஞ்சில் உதைத்தான் ஒருத்தன். வழக்கு நடந்து சிறைத் தண்டனையும் கிடைத்தது. உதைப்பதற்கு முன்னால் ஐசி என்ன நிறம் என்று அவன் கேட்கவில்லை. 2005ல் இந்தியாவோடு போட்ட சீக்கா என்கிற பொருளியல் ஒப்பந்தத்தின் பெயரையே அப்போது ஒரு வசவாக்கி, இணையத்தில் பழுப்புத் தோல் உள்ள யாரைப் பார்த்தாலும் எழுதினார்கள். அப்போதும் நம் ஆட்கள் சிலர், "எங்களைச் சொல்லாதீங்க, அவங்களைச் சொல்லுங்க" என்றுதான் பதில் எழுதினார்கள். எனக்கு வாசிக்க வாசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

காகிதத்தில் பார்த்தாலும் நாம் எல்லாரும் ஒரே பெட்டிக்குள்தான். 1989லிருந்து வீவக வீடுகளுக்கு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்கு, இன ஒதுக்கீடு இருக்கிறது. அதில் 'இந்தியர், மற்றவர்' என்ற கட்டத்தில் நான்காம் தலைமுறைக்காரரும் நேற்று பிஆர் என்கிற நிரந்தரவாசம் கிடைத்தவரும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் சீனருக்கு விற்க முடியாமல் வாங்க ஆள் தேடி அல்லாடுவதும், விலையைக் குறைத்துக் கொடுப்பதும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சம்பளத்தில் இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்புக்குப் பிடிக்கும் பணத்திலும் அப்படித்தான், என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள், என் கணவர் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தில் துணைப்பாட வகுப்புக்குப் போகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தா ஆசிரியர் கணக்குச் சொல்லித்தருகிறார்?

2023ல் தர்மன் 70 விழுக்காட்டு ஓட்டுக்கு மேல் வாங்கி அதிபரானபோது அதே மாமாதான் குழுவில் முதலில் லட்டுப் படம் போட்டார். இந்தியர்கள் பத்து விழுக்காடுகூட இல்லாத ஊரில், நம்ம ஆளுக்கு இத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அவ்வளவு பெருமை. அதே வருஷம் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் நம் ஊர் சாந்தி பெரேரா 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்து மேசை சீனப் பெண்ணும் அழுதாள். அப்புறம் 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் இதே சிங்கப்பூரில், செந்தோசாவில், உலகச் சதுரங்கப் பட்டத்தை ஜெயித்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் சீன நாட்டு டிங் லிரன். எங்கள் வீட்டில் நான் உட்பட எல்லாரும் குகேஷ் பக்கம். மேசையில் இருந்த இரண்டு கொடியும் எங்கள் கொடி இல்லை. மாமாவும் அன்றைக்குக் குதித்தார். அவரிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டும், சரி, மனுஷர் சந்தோஷமாக இருந்தார், விட்டுவிட்டேன்.

மகன் இப்போது என்எஸ்ஸில் இருக்கிறான். சேர்ந்த அன்றைக்குப் பெற்றோரையும் படகில் ஏற்றி, ராணுவப் பயிற்சி நடக்கும் தேகோங் தீவுக்குக் கூட்டிப் போகிறார்கள். சுற்றிக் காட்டுகிறார்கள், படுக்கையைக் காட்டுகிறார்கள், அங்கேயே மத்தியானச் சாப்பாடும் போடுகிறார்கள். என் கணவர் தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அப்புறம் பெரிய மண்டபத்தில் பையன்கள் எழுந்து நின்று ஒரே குரலில் சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். நாட்டைக் காப்பேன், உயிரைக் கொடுத்தாவது காப்பேன் என்று பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். மொட்டை அடிக்கப்போகிற தலையோடு, முந்தின நாள்வரை காலை பத்து மணிக்கு எழுந்த என் பிள்ளை, சீனப் பையனும் மலாய்ப் பையனும் இரண்டு பக்கமும் நிற்க அதைச் சொன்னான்.

என் பக்கத்தில் நின்றவர் சட்டைப் பையில் நீல ஐசி. பெற்ற பிள்ளையையே இந்த நாட்டுக்குக் கொடுக்க வந்து நிற்கிறவரிடம், நீங்கள் இந்த ஊர்க்காரரா என்று எந்த வாயால் கேட்பது? அவர் தேசிய சேவை செய்ததில்லை, முதல் தலைமுறை நிரந்தரவாசிக்கு அது கிடையாது. "ஓசியில் பிஆர்" என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்தப் படகில் திரும்பி வரும் அப்பாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். வரும்போது இருந்த கலகலப்பு போன இடம் தெரியாது, ஆளாளுக்குக் கைப்பேசியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டிருப்பார்கள்.

கொடி கட்டாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, நான் கட்டுவேன். இது என் ஊர், வேறு ஊர் எனக்குக் கிடையாது. மன்னார்குடிக்குப் போனால் மூன்றாம் நாளே வீட்டு ஞாபகம் வந்துவிடும், மாமியாருக்கே அது தெரியும், "உன் ஊருக்கு எப்பம்மா கிளம்புறே" என்றுதான் கேட்பார்கள். ஆனால் என் ஊர் என்று சொல்வதற்குப் பக்கத்தில் நிற்பவரை ஒரு படி கீழே தள்ளிக் காட்டச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது. தாத்தாவும் ஒரு நாள் கப்பலிலிருந்து தகரப் பெட்டியோடு இறங்கியவர்தான், அன்றைக்கும் ஏற்கெனவே இங்கே இருந்த நம் ஆட்கள் அவரைப் பார்த்து, "வந்துட்டாங்கய்யா" என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

இவர் எப்போது பிங்க் ஐசி எடுப்பார் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்கிறார்கள். என்னிடம் அவர் சொன்னது, அம்மா இருக்கும்வரை கடப்பிதழைக் கொடுக்க மனசு வரவில்லை, ஒருவேளை அவசரமாகப் போக வேண்டி வந்தால் விசா, அட்டை என்று எதுவும் குறுக்கே வரக் கூடாது என்கிறார். அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அவர் எடுக்கும்போது எடுக்கட்டும், எடுக்காவிட்டாலும் இந்த வீட்டில் அவருக்குச் சோறு உண்டு. அதனால் அடுத்த பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் அவரைப் பார்த்தால் தயவுசெய்து வேறு ஏதாவது பேசுங்கள். முக்கியமாகப் பெரியத்தை, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.